நானூறு கிளிப், நாலு நிமிடம்: ஸ்கேட்போர்டு வீடியோவுக்கு ஒரு எடிட்டிங் மென்பொருள் தேடியது

என் அக்கா மகன் ஒரு நாள் சாயங்காலம் ஸ்டூடியோவுக்கு வந்து மேஜைமேல் ஒரு ஹார்ட் டிஸ்கை வைத்தான். "மாமா, இதுல பதினாலு மாசம் இருக்கு. நாலு நிமிஷ வீடியோ ஆக்கணும். எந்த சாஃப்ட்வேர்ல பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

நான் பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். முகூர்த்தம், ரிசப்ஷன், வளைகாப்பு, காதுகுத்து என்று எது வந்தாலும் எத்தனை நாளில் முடியும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். அதே தெம்பில், என் ஸ்டூடியோவில் இருக்கும் எடிட்டிங் மென்பொருளை நினைத்து, "நம்ம எடியஸ்லயே போட்டுடலாம்டா" என்றேன். அந்தப் பதில் சரியில்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது. அப்புறம் மூன்று வாரம், அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் நானுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அந்த ஒரு மாதத்தில் எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் கோவளம் பக்கம் போனால் போர்டும் கையுமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். டோக்கியோவில் 2021-ல் இந்த விளையாட்டு ஒலிம்பிக்குக்குள் வந்த பிறகு என் அக்கா திட்டுவதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எடுப்பதற்கு எல்லோரிடமும் போன் இருக்கிறது. எடுத்ததை என்ன செய்வது என்பதில்தான் திணறுகிறார்கள்.

டிஸ்கில் இருந்தது

நானூறுக்கும் மேல் கிளிப். ஒரே கேமராவில் எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். இங்கே நாலு வகை கலந்து கிடந்தது.

பெரும்பகுதி கோப்ரோ என்ற சின்ன ஆக்‌ஷன் கேமராவில் எடுத்தது. 4கேயில் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், கொஞ்சம் 120 ஃப்ரேம். கோப்ரோ நீளமான காட்சியை ஒரே ஃபைலாக வைப்பதில்லை, துண்டு துண்டாக உடைக்கும். உடைந்த துண்டுகளின் பெயரில் அத்தியாய எண் முன்னால் வரும், காட்சி எண் பின்னால் வரும். பெயர் வரிசையில் அடுக்கினால் ஒரே காட்சியின் இரண்டு துண்டுகள் எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாமல் இரண்டு நல்ல லைன்களைப் பாதியில் முடிந்துபோனவை என்று நினைத்து ஒதுக்கியே வைத்திருந்தார்கள் பிள்ளைகள். லைன் என்றால் நிறுத்தாமல் தொடர்ச்சியாகச் செய்யும் இரண்டு மூன்று ட்ரிக்.

அடுத்தது மூன்று பேருடைய போன். இதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது, இரவல் வாங்கிய ஒரு மிரர்லெஸ் கேமரா. அதில் 25 ஃப்ரேமும் 50 ஃப்ரேமும்.

நாலாவதைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் பழைய சோனி பிடி170. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கல்யாண வீடியோ என்றாலே அந்தக் கேமராதான். டேப் போன பிறகு பரணில் ஏற்றிவைத்திருந்தேன். "ஒரு ப்ராஜெக்டுக்கு மாமா" என்று கேட்டு எடுத்துப் போனவன், அதை வைத்து ஸ்கேட்டிங் எடுத்திருக்கிறான். ஏன்டா என்றால், உலகம் முழுக்க ஸ்கேட் வீடியோ எடுப்பவர்கள் கொண்டாடும் கேமரா சோனி விஎக்ஸ்1000 என்கிறான். 1995-ல் வந்தது, மினிடிவி (MiniDV) டேப், படத்தைப் பிடிக்க மூன்று சிசிடி சில்லு. மேலே கைப்பிடி இருப்பதால் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே உருண்டு போகலாம். முன்னால் மிக அகலமாகக் காட்டும் ஒரு பெரிய ஃபிஷ்ஐ லென்ஸை மாட்டினால் போர்டும் காலும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். 2000-ல் வந்த விஎக்ஸ்2000 அதன் தம்பி. அந்தக் குடும்பத்தின் தொழில்முறைப் பிள்ளைகள்தான் நம் பிடி150-ம் பிடி170-ம். தாலி கட்டுவதைப் படம் பிடித்த கேமராவும் படிக்கட்டில் இருந்து ஆள் குதிப்பதைப் படம் பிடித்த கேமராவும் பங்காளிகள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்த டேப்பைக் கணினிக்குள் ஏற்ற ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும். ஸ்டூடியோ மூலையில் இருந்த பழைய பிசியில் அந்தக் கார்டு இன்னும் வேலை செய்தது. டேப்பில் இருக்கும் டிவி (DV) வடிவம் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அளவில் வரும். டேப் ஓடுகிற நேரம் முழுக்கக் காத்திருக்கத்தான் வேண்டும், அதில் அவசரம் செல்லாது.

நான் வெட்டிய முதல் நிமிடம்

முதல் வாரம் நானே ஒரு நிமிடத்தை வெட்டிக் காட்டினேன். எனக்குத் தெரிந்த மாதிரி. பையன் எகிறும் இடத்தில் ஸ்லோமோஷன், உச்சியில் ஒரு நொடி நிறுத்தம், கீழே இறங்கியதும் பட்டென்று அடுத்த ஷாட். மாலை மாற்றும் காட்சிக்கு இப்படித்தான் செய்வோம், குடும்பமே கைதட்டும்.

நாலு பேரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அக்கா மகன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மாமா, அவன் லேண்ட் ஆனானா இல்லையா?"

"ஆனான்டா, தெரியலையா?"

"தெரியல மாமா. நீங்க கட் பண்ணிட்டீங்க."

அப்போது அவன் விளக்கியதை நான் மறக்க மாட்டேன். ட்ரிக் என்பது கீழே கால் படுவதோடு முடிவதில்லை. போர்டு நேராக உருண்டு, கை தரையில் படாமல், ஆள் தடுமாறாமல் நிமிர்ந்து போகிற அந்த இரண்டு நொடியைக் காட்டினால்தான் அது ட்ரிக். அதை வெட்டினால் பார்க்கிறவன் விழுந்திருப்பான் என்றுதான் நினைப்பான். அதே மாதிரி ஒரு லைனுக்கு நடுவில் வெட்டக் கூடாது. வெட்டினால் இரண்டு நாளில் எடுத்ததை ஒட்டியது என்று ஆகிவிடும். முதலில் சாதாரண வேகத்தில் சத்தத்தோடு முழுதாகக் காட்டு, ஸ்லோமோஷன் வேண்டுமானால் அப்புறம் வேறு கோணத்தில் இன்னொரு முறை காட்டு. நூறு முறை விழுந்து ஒரு முறை செய்தது அது. அந்த ஒரு முறை உண்மையிலேயே நடந்தது என்று பார்க்கிறவன் நம்ப வேண்டும்.

கல்யாண வீடியோவில் நாங்கள் நேரத்தை இஷ்டத்துக்கு இழுப்போம், அழகுக்காக. ஸ்கேட் வீடியோ சாட்சி மாதிரி, நேரத்தில் கை வைத்தால் சாட்சி கெட்டுவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றே எனக்குப் பிடிபட்டது. எஃபெக்ட் எத்தனை, டிரான்சிஷன் எத்தனை என்பதெல்லாம் இங்கே கணக்கே இல்லை. ஸ்கேட் வீடியோவில் டிரான்சிஷனே கிடையாது, வெட்டு மட்டும்தான். நாலு விதமான ஃப்ரேம் ரேட்டில் வந்த காட்சியை நேரம் கெடாமல் ஒரே டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கும் தடத்தில், வைக்க எது உதவும்? சத்தத்தை எதில் நன்றாகக் கையாளலாம்? நான் இல்லாதபோது இந்த நாலு பேரும் தங்கள் லேப்டாப்பிலேயே எதில் தொடர முடியும்? இவ்வளவுதான் கேள்வி.

ஒரு கிக்ஃப்ளிப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக

ஃப்ரேம் ரேட் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருந்தது.

கிக்ஃப்ளிப்பில் போர்டு தன் நீளவாக்கில் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி காலுக்கடியில் வந்து சேரும். அரை நொடிக்கும் குறைவு. 30 ஃப்ரேமில் எடுத்தால் மொத்தமே 12, 13 படம். அதாவது ஒவ்வொரு படத்துக்கும் போர்டு ஏறக்குறைய 30 டிகிரி திரும்புகிறது. இப்போது 25 ஃப்ரேமில் எடுத்த கிளிப்பை 30 ஃப்ரேம் டைம்லைனில் போடுங்கள். ஐந்து படத்தை ஆறாக்க வேண்டும், அதனால் மென்பொருள் ஐந்துக்கு ஒரு படத்தை இரண்டு முறை காட்டும். அம்மிக் கல்லில் குழவி ஒரு இடத்தில் தட்டி நிற்கிற மாதிரி, சுற்றிக்கொண்டிருந்த போர்டு காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டு, அப்புறம் குதித்து முன்னால் போகும். மணமகள் நடந்து வரும் காட்சியில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்கேட்டிங்கில், அதுவும் கேமராவும் பின்னாலேயே உருண்டு வரும் ஷாட்டில், தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

60 ஃப்ரேமை 30-ல் போட்டால் ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொள்ளும், சுத்தமாக இருக்கும். 50-ஐ 25-ல் போட்டாலும் அப்படியே. 60-ஐ 25-ல் போட்டால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இடறும். 120-ஐ 30-ல் ஒவ்வொரு ஃப்ரேமாக ஓடவிட்டால் நாலு மடங்கு மெதுவாகும், எந்தப் படத்தையும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. எங்களிடம் பெரும்பகுதி கோப்ரோவின் 60-ம் 120-ம்தான் என்பதால் டைம்லைன் 29.97, அதாவது ஏறக்குறைய 30, என்று முடிவு செய்தோம்.

இதில் எங்கள் கவனக்குறைவும் ஒன்று உண்டு. கடைசியில் நாங்கள் எடுத்த மென்பொருள் டாவின்சி ரிசால்வ். அதில் ஒரு புது ப்ராஜெக்டைத் திறந்து, வேறு ஃப்ரேம் ரேட்டில் உள்ள கிளிப்பை முதலில் இழுத்துப் போட்டால், ப்ராஜெக்டின் ரேட்டை இதற்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று ஒரு கேள்வி வரும். முதல் கிளிப் மிரர்லெஸ் கேமராவில் எடுத்தது. படிக்காமலே சரி என்று தட்டிவிட்டோம். ப்ராஜெக்ட் 25 ஆகிவிட்டது. கிளிப்கள் டைம்லைனில் ஏறிய பிறகு அந்த எண்ணை மாற்ற முடியாது. இரண்டு சாயங்காலம் வேலை செய்து முடித்த பிறகு கோப்ரோ காட்சியெல்லாம் ஏன் இடறுகிறது என்று தேடிப் பார்த்துதான் கண்டுபிடித்தோம். 29.97-ல் புது டைம்லைன் உருவாக்கி முதலில் இருந்து அடுக்கினோம். அந்தக் கேள்வி வந்தால் நின்று படியுங்கள், அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது இல்லாத ஃப்ரேமை உண்டாக்கும் வித்தை. ஆப்டிகல் ஃப்ளோ என்று ரிசால்விலும் அடோபியின் பிரீமியர் ப்ரோ மென்பொருளிலும் இருக்கிறது. இரண்டு படத்துக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணித்து வரைந்து தரும். மெதுவாக அசையும் காட்சியில் பிரமாதமாக வேலை செய்யும். போன் கிளிப்பில் ஒரு கிக்ஃப்ளிப்பை நாலு மடங்கு மெதுவாக்கிப் பார்த்தோம். போர்டின் விளிம்பு மெழுகு மாதிரி இளகி ஷூவோடு ஒட்டிக்கொண்டது, சக்கரம் ஒன்று காணாமல் போய்த் திரும்பி வந்தது. வேகமாகச் சுற்றும் மெல்லிய பொருளை எந்தக் கணிப்பும் பிடிக்காது. "இது நான் பண்ணதே இல்ல, கம்ப்யூட்டர் பண்ணது" என்றான் அந்த ட்ரிக் செய்த பையன். அவன் சொன்னது சரி. அன்றிலிருந்து ஒரு விதி: 120-ல் எடுத்தது மட்டுமே ஸ்லோமோஷனுக்குப் போகும்.

போட்டுப் பார்த்தவை

சோதனைக்கு நல்ல காட்சியை எடுக்கவில்லை. எங்களிடம் இருந்ததிலேயே மோசமான ஐந்து கிளிப்பைச் சேர்த்து ஒரு நிமிடம் ஆக்கினோம்: ஆறு நிமிடம் நிறுத்தாமல் ஓடிய போன் கிளிப்பின் கடைசிப் பகுதி, கோப்ரோவின் 4கே, கேமராவும் உருளும் ஒரு 25 ஃப்ரேம் ஷாட், டேப்பில் இருந்து ஒன்று, இரவில் எல்இடி விளக்கடியில் எடுத்த ஒன்று. அதே நிமிடம், அதே வரிசை, ஒவ்வொரு மென்பொருளிலும். விளம்பரப் படத்தைப் பார்த்து மென்பொருள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்த ஒரு பழக்கத்தை நான் மனதாரச் சொல்வேன். உங்கள் கையில் இருக்கும் மோசமான ஒரு நிமிடத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

எடியஸ் கலப்பு ஃப்ரேம் ரேட்டை அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக்கொள்ளும், ரெண்டர் செய்யாமலே, அதாவது காட்சியை முன்கூட்டியே தயாரித்து வைக்காமலே, ஓடவிடும். கல்யாண ஸ்டூடியோக்களில் அது இத்தனை வருடம் நிலைத்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பிள்ளைகள் வீட்டில் அது இருக்காது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் என் ஸ்டூடியோவுக்கு வர வேண்டும். முகூர்த்த மாதத்தில் என் நாற்காலியே எனக்குக் கிடைக்காது. விட்டோம்.

பிரீமியர் ப்ரோவில் வேலை சுகமாக நடந்தது. போன் கிளிப்பையும் நன்றாகவே கையாண்டது. அடோபி 2013-ல் சந்தா முறைக்கு மாறியதில் இருந்து அது மாதாமாதம், வருடாவருடம் கட்டும் செலவு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ முடியும் வரை சரி, ஆனால் சந்தா நின்ற பிறகு பழைய ப்ராஜெக்டைத் திறக்க முடியாது. பதினாலு மாதம் சேர்த்துச் சேர்த்து எடுக்கிறவர்களுக்கு அது ஒத்து வராது.

ஃபைனல் கட், கணினியில் என்றால் ஆப்பிளின் மேக்கில் மட்டும்தான் ஓடும். எங்கள் ஐந்து பேரிடமும் மேக் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன் ஆப்களில் கேப்கட் இந்தியாவில் தடை. மற்றவற்றில் ஒன்றில் பிள்ளைகள் ஏற்கெனவே இன்ஸ்டாகிராமுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். பதினைந்து நொடிக்கு அது போதும். நானூறு கிளிப்பைப் பெயரிட்டு, பிரித்து, தேடி எடுக்க அதில் வழியில்லை.

ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம், மூலநிரல் திறந்தவை, சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். ஷாட்கட்டிடம் எனக்கு ஒரு தனி மரியாதை வந்தது. போன் கிளிப்பைத் திறந்தவுடனே, இதன் ஃப்ரேம் ரேட் நிலையாக இல்லை, எடிட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரட்டுமா என்று அதுவாகவே கேட்கிறது. பிரச்சினை வருவதற்கு முன்னால் எச்சரிப்பது நல்ல குணம். நாலு பேரில் ஒருவனுடைய பழைய லேப்டாப்பில் வேறெதுவும் ஓடாது என்பதால் அவனுக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் எடுத்தது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. நிறம் திருத்தும் கருவியாகத் தொடங்கி, 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் கைக்குப் போய், இன்றைக்கு எடிட்டிங், நிறம், ஒலி எல்லாம் ஒரே கூரைக்கடியில். இலவசப் பதிப்பிலேயே 4கே, 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் ஆகும், வாட்டர்மார்க் விழாது. கிளிப்களைச் சேர்த்து வைக்கும் மீடியா பூலில் போட்டு, இடம், ட்ரிக், செய்தவன் பெயர், விழுந்தானா நின்றானா என்று குறித்துக்கொண்டே போகலாம். அந்தக் குறிக்கும் வேலையை நான் தொடவே இல்லை. எது கஷ்டமான ட்ரிக் என்று எனக்குத் தெரியாது. பார்க்க எளிதாகத் தெரிந்த ஒன்றை நான் தள்ளிவிட்டபோது நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்கு ஒரு பையன் மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்து எழுந்திருக்கிறான்.

வெளியே முடித்துக்கொண்ட வேலைகள்

இலவசப் பதிப்பு எல்லாம் செய்யும் என்று சொன்னால் பொய். டேப்பில் வரும் காட்சி இன்டர்லேஸ் முறையில் இருக்கும், ஒரு ஃப்ரேமில் இரண்டு பாதிப் படம் பின்னிக் கிடக்கும். வேகமாகப் போகும் போர்டைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அதைப் பிரித்தெடுக்கும் வசதி ரிசால்வில் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. இரவுக் காட்சியின் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் குறைப்பதும், விளக்கு மினுக்குவதைச் சரிசெய்வதும் அதே மாதிரிதான்.

முதல் வேலைக்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதுமானதாக இருந்தது. அதுவும் இலவசம். டேப் கிளிப்களை அதில் போட்டு டீஇன்டர்லேஸ் செய்தோம். போன் கிளிப்களையும் அதிலேயே போட்டு, மாறும் ஃப்ரேம் ரேட்டை நிலையான ரேட்டாக மாற்றினோம். போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஒரு நொடியில் 30 படமும் அடுத்த நொடியில் 28 படமும் எடுக்கும். மென்பொருள் நிலையான ரேட் என்று நம்பிக்கொண்டு ஓட்டினால் படமும் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அந்த ஆறு நிமிடக் கிளிப்பில் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் போர்டு தரையில் இறங்கி உருண்டே போய்விடுகிறது, அதற்கப்புறம்தான் 'டப்' என்று சத்தம் வருகிறது. மாற்றிய பிறகு ஒட்டிக்கொண்டது. ஹேண்ட்பிரேக்கில் தர எண்ணை 16-க்கு வைத்தோம், எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். மூலக் கிளிப்களை அழிக்கவில்லை, அவை தனி டிஸ்கில் இருக்கின்றன.

டேப் காட்சி 25-ல் எடுத்தது என்பதால் 29.97 டைம்லைனில் அந்தத் தட்டல் இருக்கத்தான் செய்யும். அதற்கு மருந்து இல்லை. ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த ஷாட்களை மட்டும் எடுத்துக்கொண்டோம், கேமரா அசையாதபோது கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. கேமரா உருளும் இரண்டு டேப் ஷாட்டை மனசில்லாமல் விட்டோம்.

இரவுக் காட்சியைக் காப்பாற்ற முடியவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். கோப்ரோ 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் இருந்ததால் காட்சி முழுக்கப் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடியது. கேமராவில் மினுக்கலைத் தடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் அமைப்பை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியிருந்தால், 25, 50, 100 என்று ஃப்ரேம் ரேட்டும் அதற்கேற்ப மாறியிருக்கும், பிடி170-யோடும் சேர்ந்திருக்கும். அடுத்த வீடியோவுக்கு எல்லாக் கேமராவும் இந்தக் கணக்கில்தான் என்று ஒரு தாளில் எழுதி கோப்ரோ பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறான் அக்கா மகன். போனிலும் ஃப்ரேம் ரேட்டைப் பூட்டி வைக்கும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள்.

சத்தம்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்கேட் வீடியோவைக் கேட்டுப் பாருங்கள். சக்கரம் சிமெண்ட் தரையில் உருளும் சீறல். போர்டின் வால் தரையில் அடிக்கும் 'டக்'. அப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு இடைவெளி. மறுபடி நாலு சக்கரமும் ஒன்றாக இறங்கும் 'டப்', உடனே சீறல் தொடர்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பதை வைத்தே எவ்வளவு உயரம் என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். பாட்டைப் போட்டு இதை மூழ்கடித்தால் வீடியோவே செத்துவிடும்.

எங்களுக்கு எதிரி கடல்காற்று. ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் எடுத்த எந்தக் கிளிப்பிலும் மைக்கில் காற்றுதான் முதலில் கேட்கும். ரிசால்வுக்குள்ளேயே ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி இருக்கிறது, இலவசப் பதிப்பிலும். ஈக்வலைசரில் அடிமட்ட ஒலியை வெட்டினால் காற்றின் உறுமல் பாதி போய்விடும், 'டக்' அப்படியே நிற்கும். கோப்ரோவில் சத்தம் அமுங்கியிருந்த இடங்களில், பக்கத்தில் இன்னொருவன் போனில் எடுத்த சத்தத்தை எடுத்து ஒட்டினோம். ஒலி அலையைப் பார்த்துத் தானாகவே பொருத்தும் வசதி இருக்கிறது. தவறினால் 'டக்' இருக்கும் கூர்முனை இரண்டு தடத்திலும் தெளிவாகத் தெரியும், கையாலேயே பொருத்திவிடலாம். ஆனால் வேறு முயற்சியில் பதிவான சத்தத்தை இதில் போடக் கூடாது என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தார்கள். நன்றாக இருந்த ஒரு 'டப்'பைக் கடன் வாங்கலாமே என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் தலையாட்டவில்லை.

சக்கரச் சீறலைப் படத்துக்கு அரை நொடி முன்னால் கொண்டுவருவது நான் கொடுத்த யோசனை. முந்தைய ஷாட் முடிவதற்குள் அடுத்தவன் உருண்டு வரும் சத்தம் கேட்கத் தொடங்கும். நாதஸ்வரம் கேட்ட பிறகு ஊர்வலம் தெரிவது மாதிரி. அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

லேப்டாப்

எல்லாம் சரி, ஆனால் ரிசால்வ் கனமான மென்பொருள். அக்கா மகனின் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 4கே கிளிப்பை ஓடவிட்டால் படம் நின்று நின்று வந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, புது லேப்டாப் கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ரேமை 16 ஆக்கினோம். அதைவிட முக்கியம் ப்ராக்ஸி. மூலக் கிளிப்புக்குப் பதிலாகச் சின்ன அளவில் ஒரு நகலை ரிசால்வே உண்டாக்கித் தரும், எடிட்டெல்லாம் அந்த நகலில் நடக்கும், எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலத்துக்குத் திரும்பிவிடும். ராத்திரி படுக்கப் போகும்போது ப்ராக்ஸி போடச் சொல்லிவிட்டுப் படுத்தான். காலையில் எழுந்து டைம்லைனை இழுத்துப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி ஓடியது. எஃபெக்ட் செய்யும் ஃபியூஷன் பக்கத்தை மட்டும் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன், அந்த லேப்டாப் அதைத் தாங்காது, நமக்கும் அங்கே வேலையில்லை.

வீடியோ நாலு நிமிடம் பத்து நொடியில் முடிந்தது. கடைசி ட்ரிக்கைத் தவிர மற்றதையெல்லாம் அவனே வெட்டினான். கடைசியை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து வெட்டினோம். லேண்ட் ஆன பிறகு ஐந்து நொடி உருண்டு ஃப்ரேமைத் தாண்டிப் போகும் வரை விட்டோம், கேமரா பிடித்தவன் கத்துகிற சத்தத்தையும் சேர்த்து.

போன வாரம் வந்து ஸ்டூடியோ பதிப்பு வாங்கலாமா என்று கேட்டான். 295 டாலர், ஒரு முறை கட்டினால் போதும். டேப்புக்கும் இரவுக் காட்சிக்கும் அது உதவும்தான். இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இனி கேமராவை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் மினுக்கல் வராது, டேப்பை ஹேண்ட்பிரேக் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பணத்தில் சின்னப் பகுதியை எடுத்து, முதலில் மைக்குக்கு மேலே மாட்டும் ரோம உறை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.